டிரைவர் வழுக்கப் பழகியது

அந்த இரண்டு வருஷங்களை நினைத்தால் மிஷினக்காவுக்கு முதலில் வருவது வாசனைதான். இரும்பு எரிந்த வாசனை. காயப்போட்ட துணியில், தலையணை உறையில், சோற்றுப் பானை மூடியில்கூட அது ஏறியிருந்தது. அப்போது வாய் ஓயாமல் திட்டினாள். இப்போது எங்காவது பட்டறைப் பக்கம் போகும்போது அந்த வாசனை வந்தால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்கிறாள்.

மிஷினக்கா என்ற பேர் அவளுக்குத் தையல் மிஷினால் வந்தது. பள்ளிக்கூடப் பை, பயணப் பை எல்லாம் வீட்டின் முன்னறையில் கனத்த மிஷினில் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். அவள் புருஷனைத் தெருவே டிரைவர் என்றுதான் கூப்பிடும். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கலாம் என்பார்கள். அவ்வளவு அலுங்காத கை.

ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது அது நடந்தது. காலை ஏழு மணி, தூறல். பாலம் இறங்கித் திரும்பும் வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் வழுக்கி, அரை வட்டம் சுற்றி, விலாப்புறமாக ஒரு மரத்தில் போய் மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை. பயணிகளில் பதினோரு பேருக்குக் காயம். பெரிய காயம் கண்டக்டருக்கு. முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் டிரைவரைவிட எட்டு வயது சின்னவர். பதினெட்டு வருஷமாக ஒரே பஸ். ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பாடு இந்த வீட்டில்தான்.

விசாரணை நடந்தது. சாலையில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, மேலே மழை பெய்திருக்கிறது, டிரைவர்மேல் தப்பில்லை என்று எழுதி மூடினார்கள். ஆனாலும் டிரைவர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டெப்போவில் டோக்கன் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கி மிச்ச நாளைத் தள்ளினார். ஓய்வு பெற்றபின் வீட்டில் நாற்காலியும் அவருமாக இருந்தார். பஸ்ஸில் எங்காவது போனால் கண்ணை மூடிக்கொள்வார். கண்டக்டர் வீட்டுப் பக்கம் போகவேயில்லை. கண்டக்டரும் வரவில்லை.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். கோல் ஊனி நடக்கிறாராம்" என்பாள் மிஷினக்கா.

"அவன் இடுப்பை ஒடிச்சுட்டு எந்த மூஞ்சியோட போறது?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு மத்தியானம் அவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். ஈரச் சாலையில் ஒரு கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வளைவு முழுக்கப் போனது. உள்ளே இருந்தவன் ஏதோ காற்று வாங்கப் போகிறவன்போல உட்கார்ந்திருந்தான்.

"வேணும்னே வழுக்க விடறானா?"

"ஆமா. வண்டி வழுக்குது, இவன் பயப்படவே இல்ல பாரு."

"கொழுப்பெடுத்தவன்" என்றாள் மிஷினக்கா.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மினி லாரி வந்து கொல்லைக் கொட்டகையில் ஒரு காரை இறக்கிவிட்டுப் போனது. ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடியது. தரைத் தகடு துருவேறி உதிர்ந்து, உள்ளேயிருந்து பார்த்தால் மண் தெரிந்தது. பின்சீட்டில் எந்த ஊர்க் கோழியோ இரண்டு முட்டை இட்டு வைத்திருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"வழுக்க."

"என்னது?"

"இது பின்சக்கரம் தள்ளுற வண்டி. இதுதான் அந்த மாதிரி வழுக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "பஸ் மாதிரி" என்றார்.

திட்டுவதற்குத் திறந்த வாயை மிஷினக்கா மூடிக்கொண்டாள். ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து அன்றுதான் அவர் வாயிலிருந்து பஸ் என்ற சொல் வந்தது.

வாங்கி ஓட்டுவதற்கு அப்படிப்பட்ட கார் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் ஓய்வுபெற்ற டிரைவருக்குக் கட்டாது. தானே செய்வது என்று உட்கார்ந்தார். பஸ் ஓட்டத் தெரியுமே தவிர ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாத மனிதர். பரண் பலகை அடித்து அது தலையில் விழுந்த கதை வீட்டில் உண்டு. போனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்து, யாரோ எங்கோ செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்.

"கிரைண்டர் ஒண்ணு வாங்கணும்" என்றார் ஒருநாள்.

மிஷினக்காவுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. "இப்பவாவது தோணிச்சே. மாவரைக்கிறது பழசாகி எத்தனை வருஷமாச்சு!"

வந்தது இரும்பு வெட்டுகிற கிரைண்டர். அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பின்னால் வெல்டிங் மிஷின் வந்தது. அவர் கொட்டகையில் வெல்டு வைத்தால் முன்னறையில் விளக்கு மங்கும், அவள் மிஷின் முனகிக்கொண்டு ஊசி பாதியில் நிற்கும். "நிறுத்துங்க, பத்துப் பை முடிக்கணும்!" என்று இங்கிருந்து அவள் கத்த, "நாலே நாலு ராடு!" என்று அங்கிருந்து அவர் கத்துவார். கடைசியில், அவள் துணி வெட்டும் நேரம் அவர் வெல்டு வைப்பது, அவள் தைக்கும் நேரம் அவர் அரத்தால் ராவுவது என்று ஒப்பந்தமாயிற்று.

முதலில் வைத்த வெல்டு எல்லாம் காக்கை எச்சம்போல இருந்தன. ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் தகடு ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கப் போனால் இன்னும் பெரிய ஓட்டை. ஒருநாள் கண்ணாடி போடாமல் 'ஒரே ஒரு பொட்டு' என்று வைத்துவிட்டார். மறுநாள் விடியும்போது கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் துடித்தார். வைத்தியர் சொட்டு மருந்து கொடுத்து இரண்டு நாள் கண்ணைக் கட்டச் சொன்னார். மிஷினக்கா சோறு ஊட்டினாள். "கல்யாணமான புதுசுல ஊட்டுன்னு கேட்டப்ப மாட்டேன்னுட்ட. இப்ப பாத்தியா" என்றார். கண் கட்டியிருந்ததால் அவள் சிரித்தது அவருக்குத் தெரியவில்லை.

தரைக்குத் தகடு தேவைப்பட்டது. துருப்பிடிக்காத நல்ல தகடு வீட்டில் ஒன்றுதான் இருந்தது: மிஷினக்காவின் இரும்பு பீரோ. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. கதவு சரியாகச் சாத்தாது. அவர் கேட்கவில்லை. பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் அவளே துணிகளை எடுத்துக் கட்டில்மேல் குவித்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க. கண்ணாடிய மட்டும் கழட்டிக் குடுங்க" என்றாள்.

தகட்டை ஒட்டும்போது பழைய தார்ப் பூச்சு தீப்பிடித்தது. அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மேலே எரிவது தெரியாமல் ராடை வைத்துக்கொண்டிருந்தார். துணி அலசிய வாளியோடு ஓடிவந்து நீலத் தண்ணீர் முழுவதையும் அவள் கொட்டினாள். தீயும் அணைந்தது, டிரைவரும் நீலமானார். அன்றிலிருந்து வெல்டு வைத்தால் பக்கத்தில் ஒரு வாளி மணலோடு அவள் உட்கார வேண்டும் என்பது சட்டம். உட்கார்ந்தவள் சும்மா இருப்பாளா? பைகளுக்கு வார் பிரித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டாள். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பல்சக்கரப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குக் கிரவுன் என்று பேர்; வளைவில் இரண்டு சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்ற அதுதான் வழிசெய்கிறது; அதன் பற்களைச் சேர்த்து ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகவே சுற்றும், வண்டி வழுக்கியே தீரும். முன்சக்கரம் இன்னும் அதிகமாகத் திரும்ப ஸ்டியரிங் கையை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்கு நீளமான குழாயில் பிடி.

"சீட்டுக்கு உறை தெச்சுத் தரேன்" என்றாள்.

"பெல்ட்டும் தெச்சுடேன். உன் மிஷின் தாங்குமே."

"நான் தெச்ச வாருல உங்க உயிரக் கட்ட மாட்டேன். அதை மட்டும் கடையில வாங்குங்க" என்றாள்.

பற்களை ஒட்டி முடித்து முதல் தடவை கொட்டகையிலிருந்து காரைத் தள்ளியபோது அது நேராக வந்தது. திருப்பினால் டயர் அழுதது. "மனுஷன் மாதிரி முரண்டு பிடிக்குது" என்றாள்.

கண்டக்டர் வந்தது குழாய் வளைக்க. வண்டி கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாமலிருக்க உள்பக்கம் குழாயில் கூண்டு கட்ட வேண்டும். குழாயில் மணலை நிரப்பி, சூடாக்கி, மண்ணில் பாதி புதைத்த லாரி சக்கர வளையத்தைச் சுற்றி இழுத்து வளைப்பது டிரைவரின் யோசனை. இழுக்க ஒருவர், அளவு பார்க்க ஒருவர் வேண்டும். மிஷினக்கா அளவு பார்த்தாள். நாலு குழாய் கோணலாயிற்று. ஐந்தாவதுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கண்டக்டர் வீட்டுக்குப் போனாள்.

"தம்பி, குழாய் வளைக்க ஆள் வேணும்."

கண்டக்டர் கோலைத் தேடினார். "அண்ணன் கூப்பிட்டாரா அண்ணி?"

"அவர் கூப்பிட்டா நான் எதுக்கு வரேன்? நான் கூப்பிடறேன்."

கொட்டகை வாசலில் கோல் ஊன்றி நின்றவரைப் பார்த்ததும் டிரைவர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அட்டையில் வெட்டிய அளவை எடுத்து நீட்டினார். கண்டக்டர் அதை வாங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழாய் சிவந்தது. டிரைவர் இழுக்க ஆரம்பித்தார். அட்டையைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்த கண்டக்டர் தன்னையறியாமல் சொன்னார்: "ரைட்... ரைட்... போலாம்... ரைட்... ஹோல்டான்!"

டிரைவர் சட்டென்று நின்றார். குழாய் அச்சில் வார்த்ததுபோல் அளவில் நின்றிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மிஷினக்கா, "டீ போடறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பங்கரையிலிருந்து காதைத் தீட்டிக் கேட்டாள். "அடுத்தது இதைவிட நீளமா?" "ஆமா." அவ்வளவுதான் பேச்சு.

மூன்று மாதம் கண்டக்டர் தினம் வந்தார். பேச்செல்லாம் குழாயைப் பற்றி, போல்ட்டைப் பற்றி, பெயின்ட்டைப் பற்றி. அந்த வளைவைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டு வைப்பது திரும்பவும் வழக்கமாயிற்று. முட்டைக் குழம்பு செய்தால் கண்டக்டருக்கு இரண்டு முட்டை. அது பழைய கணக்கு.

ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஓடு காயவைக்கிற சிமென்ட் களம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கார்ப் பைத்தியங்கள் அங்கே கூடுவார்கள். ஏற்பாடெல்லாம் ஒரு பெயின்ட்டர் செய்வார். டயர் தேயாமலிருக்கக் களத்தில் லாரித் தண்ணீர் தெளிப்பார்கள். எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயது. டிரைவரை அங்கிள் என்றார்கள். பெயின்ட்டர் சுத்தியலால் கூண்டைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு மூட்டில் கீறலைக் கண்டுபிடித்து, "அங்கிள், இதை அறுத்துட்டு மறுபடி வச்சுட்டு அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார். ஒரு மாதம் கழித்துத் தட்டியபோது ஒன்றும் தெறிக்கவில்லை. "யார்கிட்ட பழகுனீங்க?" என்றார். "செங்கல்கிட்ட" என்றார் டிரைவர்.

அன்று காலை ஈரக் களத்தைப் பார்த்தபடி அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது மிஷினக்காவுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. வண்டி கிளம்பியது, வேகமெடுத்தது, திரும்பியது. பின்பக்கம் வழுக்கத் தொடங்கியதும் கிறீச்சென்று சுற்றி, எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. மறுபடி. மறுபடியும் அதே. "பிரேக் அடிக்காதீங்க அங்கிள்! காலை எடுத்துடுங்க!" என்று பையன்கள் கத்தினார்கள். எடுக்கத்தான் நினைப்பார். வழுக்கியதும் கால் தானாகப் போய்விடும். நாலு மாதம், நாலு ஞாயிறு, அதேதான். வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தரையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். மிஷினக்கா அதைப் பைத்தியம் என்று நினைத்தாள். ஆனால் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் கண்டக்டரும் களத்துக்கு வந்தார். வந்தவர் நேராகப் போய் வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"நானும் ஏறிக்கறேன் அண்ணே."

"வேணாம். உன்னை ஏத்த மாட்டேன்."

"பதினெட்டு வருஷம் ஏறியிருக்கேன். இன்னிக்கு என்ன புதுசா?"

"இடுப்பு..."

"இடுப்பு என்னோடதுதானே" என்று கோலை மிஷினக்காவிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவள்தான் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

வண்டி போனது. களத்தின் கடைசியில் திரும்பியது. பின்பக்கம் வழுக்கியது. சுற்றி நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. பக்கவாட்டிலேயே, தண்ணீரைச் சிறகுபோல் வாரி இறைத்துக்கொண்டு, வளைவு முழுக்கப் போனது. பையன்கள் ஊளையிட்டார்கள். இன்னொரு வளைவு. அதுவும்.

திரும்பி வந்து நின்றதும் கண்டக்டர் இறங்கவில்லை. "கால் போகல அண்ணே" என்றார். "நான் ரோட்டப் பாக்கல, உங்க காலையேதான் பாத்துட்டு வந்தேன். போகல." டிரைவர் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். ஐம்பத்தொன்பது வயது மனிதர், குழந்தை மாதிரி.

"எந்தக் கால்? எங்க போகல?" என்று மிஷினக்கா கேட்டாள்.

டிரைவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "அன்னிக்கு நான் பிரேக் அடிச்சேம்மா. வழுக்க ஆரம்பிச்சதும் முழுசா மிதிச்சுட்டேன். அதனாலதான் சுத்திச்சு. விசாரணையில தொடவே இல்லன்னு சொன்னேன். இவன் பக்கத்துல நின்னுட்டிருந்தான், பாத்தான். இவனையும் கேட்டாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டே, அண்ணன் பிரேக்கத் தொடலன்னு எழுதிக் குடுத்தான்."

அவள் கண்டக்டரைப் பார்த்தாள்.

"பொய் சொன்னதுகூட எனக்குப் பெருசில்ல அண்ணி" என்றார் கண்டக்டர். "அதுக்கப்புறம் இவர் என் மூஞ்சியையே பாக்கல. அதான் தாங்கல."

"உன்னப் பாத்தா அந்தக் கால்தான்டா ஞாபகம் வருது."

"பஸ் வேற, கார் வேறண்ணே. மிதிக்காம இருந்தாலும் அது சுத்தியிருக்கலாம்."

"இருக்கலாம். வண்டிதான் வேற. கால் ஒண்ணுதானே."

மிஷினக்கா போய், காரை ஏற்றி வந்த மினி லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், மிஷினில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"என் பீரோவ வெட்டினீங்க, சரின்னேன். நீலத் தண்ணிய ஊத்திக் காப்பாத்தினேன். நாலு மாசம் வெயில்ல டயர்மேல உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லத் தோணலையா?"

"சொன்னா நீயும் என்னோட சேர்ந்து மறைக்கணும். ஏற்கனவே ஒருத்தன் மறைக்கறான். அதான்."

அவள் வெகுநேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அடிபட்டவங்க பதினோரு பேரு. அவங்களுக்கு ரோடுதான் காரணம்னு சொல்லியிருக்கீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் காலை அவர் சவரம் செய்து, சட்டை மாற்றி, கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு டெப்போ அலுவலகத்துக்குப் போனார். இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி புதியவர், சின்ன வயது. கோப்பைத் தேடி எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. இரண்டு தடவை படித்துவிட்டு, "மூடின கோப்பை இப்ப எதுக்கு சார் திறக்கறீங்க?" என்று கேட்டாராம். "எனக்கு மூடல சார்" என்றாராம் இவர்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கண்டக்டருக்குக் கண்டிப்பு. டிரைவருக்குக் கண்டிப்போடு, தன் தப்பால் விபத்தின்றி ஓட்டியதற்காக ஓய்வு பெறும்போது கொடுத்த கேடயத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவு. அவரே நாற்காலி போட்டு ஏறிச் சுவரிலிருந்து அதைக் கழற்றி, தூசி துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அங்கே வேறு எதையும் மாட்டலாம் என்று மிஷினக்கா சொல்லவில்லை. பிறகு அவர் பதினோரு பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். பல வீடுகளில் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்றே முதலில் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்று கூடப் போன கண்டக்டர் வந்து சொன்னார்.

அதற்கு அடுத்து வந்த முதல் ஞாயிறு களத்தில் தண்ணீர் தெளித்து முடித்தபோது, மிஷினக்கா டயர் குவியலிலிருந்து எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"நீ எதுக்கும்மா?" என்றார் டிரைவர்.

"தம்பி மட்டும்தான் பாக்கணுமா? நானும் பாக்கறேன் உங்க கால."

பெல்ட்டைக் கண்டக்டர் மாட்டிவிட்டார். பெயின்ட்டர் ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொண்டையைத் தளர்த்தச் சொல்லி அவள் தலையில் வைத்தார். வண்டி உறுமியது. களம் ஓடி வந்தது. வளைவில் உலகமே பக்கவாட்டில் நழுவியது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர், வானம், தூரத்தில் சின்னதாகக் கண்டக்டர், திரும்பத் தண்ணீர். காலைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஏறினாள். பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். கல்யாணமான புதிதில், வேலைக்குப் போகும்போது அவளைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து, கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓட்டிய மனிதரின் முகம் அது. அவர் எங்கேயும் போகாமல் இங்கேயேதான் இருந்திருக்கிறார்.

வண்டி நின்றதும் பையன்கள் ஓடிவந்தார்கள். "ஆன்ட்டி, பயமா இருந்துச்சா? இறங்குங்க, தண்ணி குடிங்க!"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"கதவைச் சாத்துங்கடா" என்றாள். "இன்னொரு சுத்து போய்ட்டு வரோம்."